டிராக்கிங் ஏரியா எல்லை போடுவது எப்படி? சேலம் – ஏற்காட்டை வைத்து ஒரு பயிற்சி

சட்டைப் பையில் சும்மா கிடக்கும் போன் எந்த டவரின் கீழ் இருக்கிறது என்று நெட்வொர்க்குக்குத் தெரியாது. பேசும்போதும் டேட்டா ஓடும்போதும் எந்த செல், அதாவது டவரின் எந்தப் பக்கத்து ஆன்டெனாவின் பகுதி, என்பது வரை தெரியும். வேலை முடிந்து சில நொடிகள் போனதும் அந்த இணைப்பு அவிழ்ந்துவிடும். அதன்பின் நெட்வொர்க்கிடம் மிச்சம் இருப்பது ஒரு வட்டாரத்தின் எண் மட்டும். 2ஜியில் அதை லொகேஷன் ஏரியா என்பார்கள். 4ஜி, 5ஜியில் டிராக்கிங் ஏரியா. அழைப்பு வந்தால், தெருமுனையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி, அந்த வட்டாரத்தின் எல்லா செல்களிலும் அறிவிப்பு போகும். அது பேஜிங். போன் வேறு வட்டாரத்துக்குள் நுழைந்தால் தானே தகவல் சொல்லிவிடும். அது டிராக்கிங் ஏரியா அப்டேட், சுருக்கமாக டிஏயு.

வட்டாரத்தைப் பெரிதாக்கினால் பேஜிங் ஏறும், சிறிதாக்கினால் அப்டேட் ஏறும். இரண்டும் சேர்ந்து எங்கே குறைவாக வருகிறதோ அங்கே எல்லை போட வேண்டும். இதைக் கணக்காக்கி, கம்ப்யூட்டரிடம் கொடுத்து, வந்த விடையைக் களத்தில் சரிபார்ப்பது வரை இங்கே படிப்படியாகப் போகிறோம். பிளானிங் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்களும், கடைசி வருட புராஜெக்டுக்கு இதை எடுத்த மாணவர்களும் படிக்கலாம். ஜிபிஎஸ் வைத்து ஒருவர் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது வேறு சமாச்சாரம். அது இங்கே வராது.

தொடங்குமுன் சில அளவுகள்

ஒரு நிறுவனத்தின் 4ஜி செல் ஒரே ஒரு டிராக்கிங் ஏரியாவுக்குத்தான் சொந்தம். அந்த ஏரியாவின் குறியீடு, அதாவது டிஏசி, 4ஜியில் 16 பிட், 5ஜியில் 24 பிட். 16 பிட்டில் 0, 65,534 ஆகிய இரண்டும் ஒதுக்கப்பட்டவை, அவற்றை வைக்கக் கூடாது. ஆனால் போனுக்குக் கொடுப்பது ஒரு ஏரியாவை அல்ல, ஏரியாக்களின் பட்டியலை. போன்களின் இருப்பிடக் கணக்கை வைத்திருக்கும் மையக் கணினியான எம்எம்இ ஒரு பட்டியலில் 16 ஏரியா வரை கொடுக்கலாம். பட்டியலுக்குள் எங்கே சுற்றினாலும் போன் அப்டேட் செய்யாது.

நகராமல் ஒரே இடத்தில் இருக்கும் போனும் அவ்வப்போது தகவல் சொல்லும். அதற்கான டி3412 டைமரின் இயல்பு மதிப்பு 54 நிமிடம். இந்த அப்டேட் எல்லையை எங்கே போட்டாலும் வரத்தான் செய்யும் என்பதால் நம் கணக்கில் சேர்க்க வேண்டாம். பலர் இதையும் சேர்த்து எண்ணிவிட்டு, எல்லையை மாற்றியும் டிஏயு குறையவில்லையே என்று விழிப்பார்கள்.

பேஜிங்குக்கும் ஒரு உச்சவரம்பு உண்டு. ஒரு பேஜிங் செய்தியில் 16 போன்களைத்தான் கூப்பிட முடியும். ஃப்ரேம் எனும் 10 மில்லிநொடித் துண்டு ஒன்றுக்கு ஒரு வாய்ப்பு என்று அமைத்திருந்தால் நொடிக்கு 100 வாய்ப்பு, ஆகக் காகிதத்தில் நொடிக்கு 1,600 அழைப்பு. நடைமுறையில் அதன் பக்கத்திலேயே போகக் கூடாது. பேஜிங் போகும் அதே அலைவரிசையில்தான் வாடிக்கையாளரின் டேட்டாவும் போக வேண்டும்.

முதல் படி: நிலத்தைப் படியுங்கள்

சேலம் மலைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் ஊர். வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, வடகிழக்கே சேர்வராயன். நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர், ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். மேலே போக இரண்டு வழி: அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலைப்பாதை ஒன்று, அயோத்தியாபட்டணம் பக்கம் குப்பனூரிலிருந்து ஏறும் சாலை மற்றொன்று. எல்லை வரைய இது வசதியான இடமாகத் தெரியும். மலை ஒரு ஏரியா, நகரம் ஒரு ஏரியா, நடுவே கோடு, வேலை முடிந்தது என்று தோன்றும்.

தொல்லை மலை விளிம்பில் இருக்கிறது. ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்றால் சேலம் நகரம் மறைப்பில்லாமல் தெரியும். கண்ணுக்குத் தெரிகிற நகரம் போனுக்கும் தெரியும். கீழே உள்ள செல்களின் சிக்னல் அங்கே தாராளமாக ஏறி வரும், அதே சமயம் ஏற்காட்டு டவரின் சிக்னலும் இருக்கும். இரண்டும் கிட்டத்தட்ட சமமாக இருந்தால், பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் போன்கூட மேலும் கீழுமாக மாறிக்கொண்டே இருக்கும். அவர் ஒரு அடி நகரவில்லை, போன் மலை இறங்கி ஏறிக்கொண்டிருக்கிறது. இதைத்தான் பிங்பாங் என்பார்கள். வரைபடத்தில் தொலைவை மட்டும் வைத்து எல்லை போடுபவர்கள் தடுக்கி விழும் இடம் இது.

இதற்கு நேர்மாறும் உண்டு. முகட்டின் இரண்டு பக்கமும் உள்ள டவர்கள் படத்தில் ஒட்டி இருக்கும், ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எந்தப் போனும் போகாது. எனவே எந்த செல்லுக்கு எது அண்டை என்பதை ஹேண்ட்ஓவர் பதிவிலிருந்து, அதாவது இணைப்பில் இருக்கும் போன் ஒரு செல்லிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறிய பதிவிலிருந்து, எடுங்கள். டவர்களுக்கு நடுவே கோடு போட்டுப் பிரிக்கும் வோரோனாய் படம் சமவெளியில் ஓரளவு சரிவரும், மலையில் காலை வாரிவிடும்.

களத்தில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. நெட்மான்ஸ்டர் போன்ற ஆப்பில் டிஏசி, செல் எண், சிக்னல் அளவு மூன்றும் தெரியும். பல ஆண்ட்ராய்டு போன்களில் *#*#4636#*#* என்று அடித்தாலும் சில விவரங்கள் வரும், ஐபோனில் *3001#12345#*. பதிவை ஓடவிட்டு சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு ஒண்டிக்கடை வரை பஸ்ஸில் போய் வந்தால், எந்த வளைவில் டிஏசி மாறுகிறது, எங்கே திரும்பத் திரும்ப மாறுகிறது என்பது கையில் கிடைத்துவிடும். ஏறும்போதும் இறங்கும்போதும் எல்லை ஒரே இடத்தில் வராது. போன் தான் பிடித்திருக்கும் செல்லை உடனே விடாது என்பதால் கொஞ்சம் தள்ளித்தான் மாறும்.

இரண்டாம் படி: எண்களைச் சேகரியுங்கள்

இரண்டே இரண்டு அட்டவணை போதும். ஒன்று, செல் ஜோடிகளுக்கு இடையே ஒரு மணி நேரத்தில் எத்தனை போன் கடந்தது. மற்றொன்று, ஒவ்வொரு செல்லிலும் உள்ள போன்களுக்கு ஒரு மணி நேரத்தில் எத்தனை அழைப்பு, எத்தனை டேட்டா அறிவிப்பு வந்தது.

நிறுவனத்துக்குள் இருப்பவர்களுக்கு இரண்டும் ஓஎஸ்எஸ் என்ற நெட்வொர்க் மேலாண்மை மென்பொருளின் கவுன்டர்களில் இருக்கும். ஒரு எச்சரிக்கை: சும்மா கிடக்கும் போன் செல் மாறினால் எந்தக் கவுன்டரிலும் ஏறாது. ஏறுவது இணைப்பில் இருக்கும் போனின் ஹேண்ட்ஓவர் மட்டுமே. அதைத்தான் பதிலாகப் பயன்படுத்துகிறோம். இப்போதைய எல்லையில் மட்டும் உண்மையான டிஏயு எண்ணிக்கை கிடைக்கும். அங்கே டிஏயுவை ஹேண்ட்ஓவரால் வகுத்து வரும் விகிதத்தை மற்ற ஜோடிகளுக்கும் பெருக்கிக்கொள்ளுங்கள். நகரத்துக்கும் மலைக்கும் இந்த விகிதம் ஒன்றாக இருக்காது, தனித்தனியே எடுங்கள்.

எந்த நாளின் எண்கள் என்பதும் முக்கியம். ஏற்காட்டில் செவ்வாய்க்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு வேறு ஊர்கள். மே மாதக் கோடை விழா மூன்றாவது ஊர். சாதாரண வார நாள், வார இறுதி என இரண்டு தொகுப்பாவது எடுத்து இரண்டிலும் கணக்குப் போடுங்கள். நகரத்தில் ஆடி மாதக் கோட்டை மாரியம்மன் திருவிழா நாட்களைச் சராசரியில் கலக்காமல் தனியே வையுங்கள்.

மாணவர்களுக்கு இந்த எண்கள் கிடைக்காது. ஓப்பன்செல்ஐடி என்ற திறந்த தரவுத்தளத்தை எடுத்துக்கொள்ளலாம். இந்தியாவுக்கான நாட்டுக் குறியீடுகள் 404, 405. ஒவ்வொரு வரியிலும் ஏரியா எண், செல் எண், அட்சரேகை, தீர்க்கரேகை, எத்தனை பதிவிலிருந்து வந்தது என்பதெல்லாம் இருக்கும். பத்துப் பதிவுக்குக் குறைந்த வரிகளைத் தூக்கிவிடுங்கள். அதிலுள்ள இடம் டவர் நிற்கும் இடம் அல்ல, போன்கள் பதிவு செய்த இடங்களிலிருந்து மதிப்பிட்டது. மலைப்பாதையில் பதிவெல்லாம் ரோட்டின் மேலேயே விழும் என்பதால் டவரும் ரோட்டின் மேல் நிற்பதாகக் காட்டும். 4ஜி செல் எண்ணை 256ஆல் வகுத்தால் ஈவு டவர் எண், மீதி அந்த டவரின் செக்டர். உதாரணமாக 12,34,567 என்றால் டவர் 4,822, செக்டர் 135. ஏரியா எண்ணுக்கு ஒரு நிறம் என்று க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் தீட்டினால் இன்றைய எல்லை படமாக எழுந்து நிற்கும். கடப்பு எண்களுக்கு பஸ் நேர அட்டவணையையும் சாலை அகலத்தையும் வைத்து ஒரு மதிப்பு போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு திட்டங்களை ஒப்பிட அது போதும். நெட்வொர்க்கில் இவ்வளவு மிச்சம் என்று அதை வைத்து அறிக்கை எழுதக் கூடாது.

தனிநபர் வாரியான பதிவு இந்த வேலைக்கு எந்தக் கட்டத்திலும் வேண்டாம். யாராவது ‘ரியல் டேட்டா’ என்று சிம் வாரியாகக் கொடுக்க முன்வந்தால் வாங்காதீர்கள். மொத்த எண்ணிக்கை போதும் என்கிற கணக்குக்கு ஆள் விவரம் சுமை, 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது.

மூன்றாம் படி: கையால் ஒருமுறை போடுங்கள்

செலவுச் சூத்திரம் எளிது. எல்லை கடப்பு எண்ணிக்கையை ஓர் எடையால் பெருக்குங்கள். அதோடு, ஒவ்வொரு ஏரியாவிலும் வரும் அழைப்புகளை அந்த ஏரியாவின் செல் எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டுங்கள். அந்த எடை, ஓர் அப்டேட் எத்தனை பேஜிங்குக்குச் சமம் என்று சொல்கிறது. ஆய்வுக் கட்டுரைகளில் வழக்கமாக 10 என்று வைப்பார்கள். அப்டேட்டில் போனும் எம்எம்இயும் பலமுறை செய்தி பரிமாறிக்கொள்ள வேண்டும், பேஜிங் ஒரே ஒரு அறிவிப்பு.

இனி வரும் எண்கள் பயிற்சிக்காக வைத்துக்கொண்டவை, அளந்தவை அல்ல. ஏழு செல். ஒரு மணி நேரத்தில் வரும் அழைப்பு:

அஸ்தம்பட்டி 5,000
கோரிமேடு 3,000
அடிவாரம் 1,000
மலைப்பாதை 200
ஒண்டிக்கடை 1,500
லேடீஸ் சீட் 300
நாகலூர் 400

அதே மணி நேரத்தில் கடப்பு, இரு திசையும் சேர்த்து:

அஸ்தம்பட்டி – கோரிமேடு 2,400
கோரிமேடு – அடிவாரம் 900
அடிவாரம் – மலைப்பாதை 300
மலைப்பாதை – ஒண்டிக்கடை 280
ஒண்டிக்கடை – லேடீஸ் சீட் 350
ஒண்டிக்கடை – நாகலூர் 150
லேடீஸ் சீட் – கோரிமேடு 420

கடைசி வரியைக் கவனியுங்கள். லேடீஸ் சீட்டிலிருந்து கோரிமேட்டுக்கு யாரும் குதிப்பதில்லை. அது பிங்பாங்.

ஏழையும் ஒரே ஏரியாவாக்கினால் அப்டேட் இல்லை, ஆனால் 11,400 அழைப்பும் ஏழு செல்லிலும் போக வேண்டும்: செலவு 79,800. ஒவ்வொன்றையும் தனி ஏரியாவாக்கினால் 4,800 கடப்புக்கு 48,000, பேஜிங் 11,400, மொத்தம் 59,400. ‘மலை ஒன்று, நகரம் ஒன்று’ என்று பிரித்தால், அதாவது அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம் ஒரு பக்கம், மற்ற நான்கும் மறுபக்கம் என்றால், வெட்டுப்படும் கடப்பு 300ம் 420ம் சேர்ந்து 720. அதற்கு 7,200. பேஜிங் கீழே 9,000 × 3, மேலே 2,400 × 4. மொத்தம் 43,800.

இப்போது அடிவாரத்தை நகரத்திலிருந்து பிரித்து மலைப்பாதையோடு சேருங்கள். அஸ்தம்பட்டியும் கோரிமேடும் ஒன்று, அடிவாரமும் மலைப்பாதையும் ஒன்று, ஏற்காட்டின் மூன்று செல்லும் ஒன்று. கடப்பு 1,600, அதற்கு 16,000. பேஜிங் 16,000 + 2,400 + 6,600. மொத்தம் 41,000. கடப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஏறியும் செலவு இறங்குகிறது. காரணம், நகரத்தின் 8,000 அழைப்பு இனி அடிவாரம் செல்லில் போய்த் தொந்தரவு செய்வதில்லை. அழைப்பு அதிகமுள்ள செல்லோடு சின்ன செல்லைக் கட்டினால் எப்போதும் இந்த நட்டம் வரும்.

நாகலூரைத் தனியே விட்டால் இன்னும் இறங்கி 39,900. இந்த ஏழு செல்லையும் குழுவாகப் பிரிக்க 877 வழி உண்டு, அவற்றில் இதுதான் மிகக் குறைவு. ஆனாலும் களத்தில் இதைச் செய்ய மாட்டார்கள். 1,100 மிச்சத்துக்காக ஒரே செல்லுக்கு ஒரு ஏரியா எண்ணும், அதைச் சார்ந்த எல்லா அமைப்புகளும் பராமரிக்க வேண்டியிருக்கும். மூன்று குழுத் திட்டமே போதும்.

எடையை மாற்றிப் பாருங்கள், படம் புரளும். 10க்குப் பதில் 20 வைத்தால் நான்கு குழுத் திட்டம் 57,400, பழைய ‘மலை – நகரம்’ திட்டம் 51,000. முந்தைய வரிசை தலைகீழ். ஆகவே எடையை யாரோ எழுதியதிலிருந்து எடுக்காதீர்கள். உங்கள் எம்எம்இ மூச்சுத் திணறுகிறதா, ரேடியோ பக்கம் பேஜிங் நெரிகிறதா என்று பார்த்து வையுங்கள். 5, 10, 20 மூன்றுக்கும் ஓட்டி, மூன்றிலும் மோசமாகாத எல்லையைத் தேர்ந்தெடுங்கள்.

நான்காம் படி: ரேடியோவைச் சரிசெய்துவிட்டு அல்காரிதத்துக்கு வாருங்கள்

அந்த 420ஐ என்ன செய்வது? லேடீஸ் சீட்டைக் கோரிமேட்டோடு சேர்த்துவிடலாம் என்று அல்காரிதம் முயன்று பார்க்கும். அப்படிச் சேர்த்தால் ஒண்டிக்கடை பக்கம் 350 வெட்டுப்படும், நகரத்தின் அழைப்பெல்லாம் மலை விளிம்பிலும் ஒலிக்கும். எப்படிப் புரட்டினாலும் தேறாது. ரேடியோ அமைப்பில் கைவைத்து 420ஐ 60ஆக்கினால், அதே நான்கு குழுத் திட்டம் 39,900லிருந்து 36,300க்கு வந்துவிடும். கடைசிக் குழுப் பிரிப்பு 1,100 மிச்சம் பிடித்த இடத்தில் இது 3,600 பிடிக்கிறது. புதியவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேரே கோடிங்கில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

ஆன்டெனாவைக் கீழே சாய்த்தால் போதும் என்று எல்லோரும் சொல்வார்கள். மலைக்கு அது பாதி உண்மை. கீழ் டவரிலிருந்து பார்க்கும்போது மலை விளிம்பு அடிவானத்துக்கு மேலே, சில பாகை உயரத்தில் இருக்கிறது. அங்கே போய் விழுவது பெரும்பாலும் ஆன்டெனாவின் மேல் பக்கமடல், அதாவது முக்கிய வீச்சுக்கு மேலே சிதறும் பலவீனமான வீச்சு. சாய்வைக் கூட்டினால் முக்கிய மடல் இறங்கும், பக்கமடல் சரியாக மலைமேல் போய் உட்காரவும் வாய்ப்பு உண்டு. மேல் பக்கமடல் அடக்கிய ஆன்டெனா இருந்தால் மாற்றுங்கள், அல்லது அந்த செக்டரின் திசையைக் கொஞ்சம் திருப்புங்கள். இரண்டும் முடியாவிட்டால் லேடீஸ் சீட் செல்லில், கோரிமேடு அண்டைக்கு மட்டும் அங்கே மாறுவதைக் கடினமாக்கும் க்யூ-ஆஃப்செட் அளவை சில டிபி கூட்டுங்கள். இருக்கும் செல்லிலேயே போனைப் பிடித்துவைக்கும் க்யூ-ஹிஸ்ட்டைத் தொட வேண்டாம். அது எல்லா அண்டைகளுக்கும் சேர்த்து வேலை செய்யும், ஒண்டிக்கடைப் பக்கம் போகும் போனும் மாறத் தாமதித்து சிக்னல் இழக்கும்.

ஐந்தாம் படி: அல்காரிதம்

20 செல்லைக் குழு பிரிக்கும் வழிகள் ஏறத்தாழ 51.7 லட்சம் கோடி. ஒவ்வொன்றாகப் பார்க்க முடியாது. 1993இல் பார்-நோய், கெஸ்லர் இருவரும் ரிப்போர்ட்டிங் செல் என்ற முறையை ஆராய்ந்து, பொதுவான நெட்வொர்க்கில் அதற்குச் சிறந்த விடை காண்பது என்பி கடின வகை (பெரிய அளவில் விரைவாகத் தீர்க்கும் வழி தெரியாதது) என்று காட்டினார்கள். அந்த முறையில் சில செல்களில் நுழைந்தால் மட்டும் போன் தகவல் சொல்லும். செல்லுக்கு ஒரு பிட், ஒன்று அல்லது பூஜ்ஜியம் என்பதால் விடைகளைக் கலந்து புதிய விடைகளைப் பிறப்பிக்கும் ஜெனடிக் அல்காரிதத்துக்கு அச்சாகப் பொருந்தும், கட்டுரைகளும் நிறைய. ஆனால் கையிலுள்ள 4ஜி போன் அந்த முறையில் இயங்குவதில்லை. புராஜெக்டுக்கு எடுக்கலாம், நெட்வொர்க்குக்கு எடுத்துப் போகாதீர்கள்.

முதலில் பேராசை முறையை எழுதுங்கள். எல்லா செல்லும் தனித்தனி என்று தொடங்கி, எந்த இரண்டைச் சேர்த்தால் செலவு அதிகம் இறங்குமோ அதைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். நம் ஏழு செல் உதாரணத்தில் இது மூன்றே இணைப்பில் 39,900க்கு வந்துவிடுகிறது. நூற்றுக்கணக்கான செல் வரும்போது தவறான இணைப்பில் மாட்டிக்கொள்ளும், பிரித்து வெளியே வரத் தெரியாது. அங்கிருந்து எடுத்துச் செல்ல சிமுலேட்டட் அனீலிங் நல்ல தேர்வு. 1983இல் கிர்க்பேட்ரிக், கெலாட், வெச்சி வெளியிட்ட முறை இது.

எல்லையிலுள்ள ஒரு செல்லை எடுத்து அண்டை ஏரியாவுக்கு மாற்றிப் பாருங்கள். செலவு குறைந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். கூடினால், கூடிய அளவை அப்போதைய ‘வெப்பநிலை’யால் வகுத்து, 2.718இன் எதிர் அடுக்காக்கினால் வரும் நிகழ்தகவில் ஏற்றுக்கொள்ளுங்கள். நாகலூரை ஒண்டிக்கடை, லேடீஸ் சீட்டோடு சேர்க்கும் நகர்வைப் பார்ப்போம். அப்டேட்டில் 1,500 குறைகிறது. பேஜிங் 3,600 + 400 என்றிருந்தது 6,600 ஆகிறது, அதாவது 2,600 கூடுகிறது. நிகரம் 1,100 கூடுதல். வெப்பநிலை 2,000 இருக்கும்போது இதை ஏற்கும் வாய்ப்பு 0.58. 200க்கு வந்தபின் ஆயிரத்துக்கு நான்கு. தொடக்கத்தில் தாராளம், போகப் போகக் கறார்.

தொடக்க வெப்பநிலைக்கு ஒரு வழி: சும்மா 200 நகர்வு செய்து பார்த்து, செலவைக் கூட்டியவற்றின் சராசரியை 4.5ஆல் பெருக்குங்கள். சராசரியான மோசமான நகர்வில் ஐந்துக்கு நான்கு ஏற்கப்படும். ஒவ்வொரு வெப்பநிலையிலும் செல் எண்ணிக்கையைப் போல் நூறு மடங்கு நகர்வு, பிறகு 0.95ஆல் பெருக்கிக் குறைப்பது. தொடர்ந்து ஐந்து வெப்பநிலையில் ஒன்றும் மாறவில்லை என்றால் நிறுத்திவிடலாம். ஒவ்வொரு நகர்வுக்கும் முழுச் செலவையும் திரும்பக் கூட்டினால் பைத்தான் தவழும். நாகலூருக்குப் போட்டது போல, நகரும் செல்லின் அண்டைகளையும் சம்பந்தப்பட்ட இரண்டு ஏரியாவையும் மட்டும் கணக்கிடுங்கள். ஆயிரம் நகர்வுக்கு ஒருமுறை முழுக் கணக்குப் போட்டு ஒத்துப்பார்த்தால் பிழை உடனே மாட்டும்.

மூன்று நிபந்தனைகளை நகர்விலேயே தடுத்துவிடுங்கள். செல்லை எடுத்தபின் பழைய ஏரியா இரண்டு துண்டாகக் கூடாது. ஒரு ஏரியாவின் மொத்தப் பேஜிங், அதிலுள்ள மிகப் பலவீனமான செல்லின் திறனைத் தாண்டக் கூடாது. மலைமேல் அலைவரிசை அகலம் குறைந்த சின்ன செல் நகரத்தோடு மாட்டினால் முதலில் மூச்சுத் திணறுவது அதுதான். மூன்றாவது, ஒரே டவரின் மூன்று செக்டரும் ஒரே ஏரியாவில் இருக்க வேண்டும். விதிப்படி கட்டாயமில்லை, ஆனால் பிரித்தால் டவரைச் சுற்றி நடப்பவர் ஒவ்வொரு திருப்பத்திலும் அப்டேட் அனுப்புவார். இதை எளிதாக்க, செல்லுக்குப் பதில் டவரையே அலகாக வைத்துக்கொள்ளலாம்.

ஜெனடிக் அல்காரிதம்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு பொறி காத்திருக்கிறது. ஏரியா 1, 2, 3 என்று பெயரிட்டு ஒவ்வொரு செல்லுக்கும் எண் கொடுத்தால், ஒரே பிரிவினை வேறு வேறு எண்களோடு வரும். அப்பாவின் ‘1’ நகரமாகவும் அம்மாவின் ‘1’ மலையாகவும் இருந்தால் கலப்பில் பிறப்பது கந்தல். கலக்கும் முன் இரண்டிலும் எண்களை ஒரே வரிசைக்குக் கொண்டுவாருங்கள். அல்லது ‘இந்த அண்டை ஜோடி சேர்ந்திருக்கிறதா, இல்லையா’ என்பதை பிட்டாக வையுங்கள். அப்டேட்டையும் பேஜிங்கையும் ஒரே எண்ணாக்காமல் இரண்டு இலக்காகவே வைக்க விரும்பினால், கான்பூர் ஐஐடியில் கல்யாண்மாய் டெப் குழு உருவாக்கிய என்எஸ்ஜிஏ-2 என்ற பல இலக்கு அல்காரிதம் இருக்கிறது. எடை என்ன என்ற சண்டையைக் கடைசிவரை தள்ளிப்போடலாம்.

எதை ஓட்டினாலும் பத்து வேறு தொடக்கத்திலிருந்து ஓட்டுங்கள். பத்திலும் ஒரே இடத்தில் வரும் எல்லையை நம்பலாம். ஓட்டத்துக்கு ஓட்டம் அலையும் எல்லையில் செலவு வித்தியாசம் சொற்பம்தான், அங்கே நிலத்தையும் ரோட்டையும் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஆறாம் படி: ரயிலும் பட்டியலும்

சராசரிக் கணக்கில் தெரியாத ஒன்று திடீர்க் கூட்டம். ஏற்காடு எக்ஸ்பிரஸ், பெயரில்தான் ஏற்காடு, மலை ஏறுவதில்லை, ஈரோட்டிலிருந்து சேலம் வழியாகச் சென்னை போகிறது. அது ஒரு எல்லையைக் கடக்கும்போது உள்ளிருக்கும் போன்கள் அனைத்தும் சில நொடிக்குள் ஒரே செல்லில் அப்டேட் கேட்கும். மணிக்கணக்கில் பார்த்தால் சிறிய எண், அந்தப் பத்து நொடியில் அந்த செல்லுக்கு அது வெள்ளம். ஜங்ஷனை ஒட்டியோ, தண்டவாளமும் நெடுஞ்சாலையும் ஒரே செல்லில் கடக்கும் இடத்திலோ எல்லை வேண்டாம். தண்டவாளத்தின் நீளவாக்கில் எல்லை ஓடினால் இன்னும் மோசம், ஒரே ரயில் பலமுறை உள்ளே வெளியே போய்வரும். குறுக்கே ஒரு வெட்டு, அதோடு சரி.

மீதித் தொல்லையைப் பட்டியல் தீர்க்கும். போன் புதிதாக நுழைந்த ஏரியாவோடு, அது வந்த பழைய ஏரியாவையும் சேர்த்துப் பட்டியல் கொடுத்தால் பிங்பாங் அப்டேட் நின்றுவிடும். ரயிலில் வருபவர்களுக்கு வெவ்வேறு பட்டியல் கொடுத்தால் எல்லோரும் ஒரே இடத்தில் அப்டேட் செய்ய மாட்டார்கள். விலை என்னவென்றால், பட்டியல் நீள நீளப் பேஜிங் பரப்பும் விரியும். அதனால் படிப்படியாகக் கூப்பிடுங்கள்: முதலில் கடைசியாகப் பார்த்த டவர், பதில் இல்லையென்றால் அந்த ஏரியா, பிறகு முழுப் பட்டியல். போன் விழித்துப் பார்க்கும் இடைவெளி 1.28 நொடி என்றால் முதல் படிக்கு 2 நொடியாவது பொறுக்க வேண்டும். வோல்ட்இ (4ஜியிலேயே போகும் பேச்சு) அழைப்புக்கு அவ்வளவு பொறுமை கிடையாது, அதற்கு முதல் முறையே அகலமாகக் கூப்பிடுவது நல்லது.

பேச்சுக்கு இன்னும் 2ஜிக்கு இறங்கும் நெட்வொர்க்காக இருந்தால் டிராக்கிங் ஏரியா எல்லையும் லொகேஷன் ஏரியா எல்லையும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் அழைப்பு வரும் நேரத்தில் போன் 2ஜியில் இறங்கி, முதலில் லொகேஷன் அப்டேட் செய்ய ஆரம்பிக்கும். அழைத்தவருக்கு நீண்ட மௌனம், சில நேரம் ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்ற அறிவிப்பு.

ஏழாம் படி: மாற்றும் இரவு

வரிசை பிசகினால் வேலை கெடும். புதிய டிஏசியை முதலில் எம்எம்இயில் சேர்க்க வேண்டும். அடுத்து டிஎன்எஸ் எனும் பெயர்ப் பதிவேட்டில், ஏனெனில் டேட்டா போகும் வாசலான எஸ்-கேட்வேயை எம்எம்இ தேர்ந்தெடுப்பது டிஏசி பெயரை வைத்துத்தான். பிறகு பேரிடர் எச்சரிக்கை ஒளிபரப்பும் அமைப்பில். இவை முடிந்த பின்பே டவரில் கைவைக்க வேண்டும். டவரை முதலில் மாற்றினால் எம்எம்இ அந்த எண்ணை அறியாது, போன்கள் மறுக்கப்படும். மறுப்புக் காரணம் 15 என்று பதிவில் வரிசையாக வந்தால் இங்கேதான் தேட வேண்டும். டிஎன்எஸ் பதிவை மறந்தால் வேறு மாதிரித் தெரியும்: டவர் நன்றாக இருக்கும், சிக்னல் முழுதாக இருக்கும், டேட்டா மட்டும் ஏறாது.

டிஏசி மாறிய செல்லிலுள்ள எல்லாப் போனும் உடனே அப்டேட் கேட்கும். நள்ளிரவு 2 மணிக்கு மேல், பத்துப் பதினைந்து டவராகப் பிரித்து, எம்எம்இ சுமை இறங்கியபின் அடுத்த தொகுதி என்று போங்கள். ஏற்காட்டை முதலில் செய்து நகரத்தைக் கடைசியில் வைத்தால், தவறு நேர்ந்தாலும் பாதிப்பு சிறிதாக முடியும். பழைய மதிப்புகளைத் திரும்பப் போடும் கோப்பு தயாராக இல்லாமல் தொடங்கக் கூடாது.

மறுநாள் காலைப் புள்ளிவிவரத்தைப் பார்த்து மகிழவோ பதறவோ வேண்டாம். முந்தைய வாரத்தின் அதே கிழமையோடு, அதே மணி நேரத்தோடு ஒப்பிடுங்கள். டிஏயு முயற்சி, டிஏயு வெற்றி, பேஜிங் வெற்றி மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். டிஏயு குறைந்து பேஜிங் வெற்றியும் குறைந்தால், போன்கள் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லவில்லை அல்லது ஏதோ ஒரு செல் கூப்பிடும் வரிசையில் விடுபட்டிருக்கிறது. பெரும்பாலும் அது பட்டியலில் சேர்க்க மறந்த ஏரியாவாக இருக்கும். ஒரு முழு வாரமும், கூடவே ஏற்காட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போன பின்பே பழைய டிஏசியை எம்எம்இயிலிருந்து நீக்குங்கள்.